நிழற்படமும் நிறமும்

நிழற்படக் கலை 1839 ஆம் ஆண்டிற் பிரான்சு நாட்டில் உலகறிய வெளிப்பட்ட காலந்தொட்டே, அதன்கண் நிறமில்லாமை ஒரு குறையாகக் கருதப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் ஓவியர் அக்குறையை நீக்க முற்பட்டனர். நீர்வண்ணத்தையும் எண்ணெய் வண்ணத்தையும் படத்தின்மீது மெல்லெனப் பூசிக் கன்னத்துக்குச் செம்மையும் ஆடைக்குப் பொலிவும் ஊட்டினர். இற்றைநாளில் அப்பணியைக் கணினி சில நொடிகளில் முடித்துவிடுகின்றது. ஆயின், அவ்வாறு பெறும் நிறம் மெய்ந்நிறந்தானோ என்பது ஆராயற்பாலது.

கறுப்பு வெள்ளைப் படம் பொருளின் நிறத்தைப் பதிவதில்லை. அதிலிருந்து வரும் ஒளியின் அளவையே பதிகின்றது. ஆதலின் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல் நிறமாய் அமைதல் கூடும். பழைய தகடுகளோ நீலத்தையும் ஊதாவையுமே நன்குணர்ந்தன. சாயங்களைச் சேர்ப்பின் பிற நிறங்களையும் அவை உணருமென 1873 இல் ஜெர்மானிய அறிஞர் வோகல் கண்டார். எனினும், செம்மையை உணராத தகடுகள் அதன் பின்னரும் நெடுங்காலம் வழங்கின. அவற்றில் எடுத்த படங்களில் நீலவானம் வெளிறியும், நெற்றிக் குங்குமம் கருஞ்சாந்து போன்றும் தோன்றும்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்திலே திருகோணமலைத் துறைமுகத்தில் நின்ற போர்க்கப்பல்களின் படங்களைக் காண்போர், அவையெல்லாம் சாம்பல் நிறத்தன என்றே துணிவர். ஆனால், பகைவர் கண்ணை மயக்கும் பொருட்டு அக்காலக் கப்பல்களுக்கு நீலம், பச்சை முதலிய நிறங்களும் தீட்டப்பட்டன. 1944 இல் நேசப்படைத் தலைவராய்க் கண்டியில் தங்கிய மவுண்ட்பேற்றன் பிரபு, அதற்கு முன்னர், 1940 இல், சாம்பலிற் செம்மை கலந்த ஓர் இளஞ்சிவப்பைத் தம் கப்பல்களுக்குப் பூசுவித்தார். கறுப்பு வெள்ளைப் படத்தில் அதுவும் வெறுஞ்சாம்பலே. எழுத்துச் சான்று இன்றேல் அந்நிறத்தை எவர் அறிவார்?

கணினியின் நிலையும் இதுவே. 2016 இல் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட வண்ணப்படங்களைக் கொண்டு கணினியைப் பயிற்றினர். அவ்வாறு பயின்ற கணினி, வானம் நீலமென்றும் புல் பசுமையென்றும் எளிதிற் கூறும். சேலையின் நிறத்தையோ, தான் பெரும்பான்மையாய்க் கண்டவற்றைக் கொண்டு ஊகிக்குமேயன்றி அறியாது. அரக்கு நிறக் கூறைச்சேலை மண்ணிறமாய் மாறுதலும் உண்டு.

கொட்டியாரக் குடாக் கரையோரத்தை 2004 ஆம் ஆண்டுக் கடற்கோளும், கட்டைபறிச்சான் முதலிய மூதூர்க் கிழக்குக் கிராமங்களை 2006 ஆம் ஆண்டு இடப்பெயர்வும் வருத்தின. இத்தகைய இடங்களில் எஞ்சிய ஒற்றைப் படமும் ஒரு குடும்பத்தின் அரும்பொருளாகும். அதற்கு நிறமூட்டுதல் தவறன்று. ஊகித்த நிறத்தை உண்மையெனக் கொள்ளுதலே தவறு. மூலப்படத்தைத் தொடாது பேணி, அதன் படிக்கே நிறமூட்டுதல் வேண்டும். நிறமூட்டியமையை அப்படியிற் குறித்தலும் வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னதாக, அன்னையின் கூறைச்சேலை எந்நிறத்ததென அறிந்த முதியோரை அவர் வாழுங்காலத்திலேயே வினவி எழுதிவைத்தல் இளையோர் கடன். கணினி தரும் நிறம் நாளையும் கிட்டும். அவர் நினைவு நாளை கிட்டாது.