யூக்கான் கனிமத் தேடல் நல்கைத் திட்டம்

யூக்கான் கனிமத் தேடல் நல்கைத் திட்டம் என்பது, கனடாவின் வடமேற்கு மூலையில் அமைந்துள்ள யூக்கான் ஆட்புலத்தில் தனியாகவோ சிறு குழுவாகவோ கனிமம் தேடுவோருக்கு ஆட்புல அரசு பணவுதவி வழங்கும் திட்டம் ஆகும். இது முன்னர் யூக்கான் சுரங்க ஊக்கத் திட்டம் என்ற பெயரில் நடைபெற்றது. யூக்கான் நிலவியல் ஆய்வகம் இதனை நிருவகிக்கிறது. இந்த நல்கை கடன் அன்று. தேடுநர் தங்கத்தையே கண்டுபிடித்தாலும் அரசு அதில் பங்கு கேட்பதில்லை. அதற்கு ஈடாக அரசு கேட்பது, எங்கே தேடினார், என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்பதைக் கூறும் ஓர் அறிக்கையை மட்டுமே.

கனிமத் தேடுநர்

கனிமத் தேடுநர் என்பவர் சுரங்கம் நடத்துபவர் அல்லர். மலைகளிலும் ஆற்றோரங்களிலும் நடந்து பாறைத் துண்டுகளையும் மண்ணையும் சேகரித்து, வேதியியல் ஆய்வுக்கு அனுப்பி, தாதுப் படிவு இருக்கக்கூடிய இடத்தைக் கண்டறிவதே இவரது தொழில். நம்பிக்கை தரும் இடம் கிடைத்தால் அதன்மேல் உரிமை கோருவார். யூக்கானில் இதற்கு நிலத்தில் முளைக்கம்பங்களை நட்டுப் பதிவு செய்ய வேண்டும். ஓர் உரிமைத் துண்டின் மிகுதியான அளவு 1,500 அடிக்கு 1,500 அடி, அதாவது ஏறத்தாழ 52 ஏக்கர். அந்த உரிமையைப் பின்னர் துளையிடும் வசதியுள்ள நிறுவனங்களுக்கு விற்பதன் மூலமே தேடுநர் வருவாய் பெறுகிறார்.

பெரும்பாலான தேடல்கள் வெறுங்கையுடன் முடிபவை. எனவே வங்கிகள் இதற்குக் கடன் தருவதில்லை. கனடிய நடுவண் அரசு தேடலுக்கு வரிச் சலுகைகள் அளிப்பது உண்மையே. தேடல் செலவைத் தம் வருமானத்தில் கழித்துக்கொள்ள முதலீட்டாளருக்கு இடமளிக்கும் சிறப்புப் பங்குகளும், 2000ஆம் ஆண்டில் கொண்டுவரப்பட்ட 15 விழுக்காட்டு வரிக்கழிவும் இவற்றுள் அடங்கும். ஆயினும் பங்கு வெளியிட நிறுவனம் வேண்டும். முதுகுப் பையும் சுத்தியலும் மட்டுமே உடைய ஒருவருக்கு இச்சலுகைகள் நேரடியாகப் பயன்படா. நல்கைத் திட்டம் இந்த இடைவெளியை நிரப்புவதற்காக ஏற்பட்டது எனலாம்.

பின்னணி

தேடுநருக்கு முன்பணம் தரும் வழக்கம் அரசு கண்டுபிடித்தது அன்று. வணிகர்கள் மாவு, பன்றியிறைச்சி, கருவிகள் ஆகியவற்றைக் கொடுத்து, கிடைப்பதில் பங்கு பெறுவது வட அமெரிக்கச் சுரங்கப் பகுதிகளில் நெடுங்காலம் நிலவிய வழக்கமாகும். குளோண்டைக் பகுதியில் தேடிய ராபர்ட் எண்டர்சனுக்கு 1894இல் இவ்வாறு பொருள் கொடுத்தவர் ஜோசப் லடூ என்ற வணிகர். 1896 ஆகத்து மாதம் முயல் ஓடை என்ற சிற்றாற்றில் தங்கம் கண்டு உரிமை பதித்தவர்களோ சியார்ச்சு கார்மாக், தாகிசு பழங்குடியைச் சேர்ந்த சுக்கூகம் சிம், டாசன் சார்லி ஆகியோர். எண்டர்சனுக்கு மிகச் சிறிதே கிட்டியது. லடூவோ, தங்கத்தைத் தேடாமல் தங்கம் தேடி வருவோர் தங்கப்போகும் நிலத்தைப் பதிவு செய்து டாசன் நகரை நிறுவிச் செல்வரானார். கண்டுபிடிப்பின் பயன் கண்டுபிடித்தவரைச் சேராமல் போவதற்கு இது பழைய எடுத்துக்காட்டு.

நல்கை வழங்கும் முறை

கோடைத் தேடல் பருவத்திற்கு முன்னரே தேடுநர் தம் திட்டத்தை எழுதி விண்ணப்பிக்க வேண்டும். செல்லும் இடம், அதைத் தேர்ந்ததற்கான நிலவியல் காரணம், மாதிரிகளின் எண்ணிக்கை, வானூர்திச் செலவு போன்றவை அதில் இடம்பெறும். விண்ணப்பங்கள் மூன்று படிநிலைகளாகப் பிரிக்கப்படுகின்றன: எவரும் அறியாத இடத்தில் முதன்முதலாகத் தேடுவது, ஒரு வட்டாரத்தைக் குறிவைத்துத் தேடுவது, ஏற்கெனவே தென்பட்ட இலக்கை மதிப்பிடுவது. தொடக்கநிலைத் தேடலுக்கு அரசின் பங்கு மிகுதி. இலக்கு தெளிவாகும்போது தேடுநர் தம் கையிலிருந்து போட வேண்டிய பங்கு கூடுகிறது. தொகை பெரிதன்று, பத்தாயிரங்களில் எண்ணத்தக்க டாலர்களே. உலங்கு வானூர்திக்கே அதில் பெரும்பகுதி கரைந்துவிடும்.

அறிக்கையும் செலவுக் கணக்கும் ஒப்படைத்த பின்னரே நல்கை முழுமையாகக் கைக்கு வரும். அறிக்கை குறிப்பிட்ட காலம் மறைவாக வைக்கப்பட்டுப் பின்னர் பொதுமக்களுக்குத் திறக்கப்படுகிறது. இத்திட்டத்தின் உண்மையான பயன் இதுவே என்று கருத இடமுண்டு. தங்கம் இல்லாத பள்ளத்தாக்கு எது என்ற செய்தியைத் தம் செலவில் வெளியிட எந்த நிறுவனமும் விரும்புவதில்லை. அது வெளியிடப்படாவிட்டால் அடுத்தவர் அதே பள்ளத்தாக்கில் மீண்டும் பணத்தைக் கொட்டுவார்.

வைட் கோல்டு கண்டுபிடிப்பு

இத்திட்டத்தின் பெயர் வெளியே தெரியக் காரணமானவர் சான் ரயன். ஒன்ராறியோவின் டிம்மின்சு நகரைச் சேர்ந்த இவர் டாசன் நகருக்குக் குடிபெயர்ந்து, காட்டுக் காளான் பறித்து விற்றவர். பின்னர் தம் மனைவியாயிருந்த கேத்தி வுட்டுடன் சேர்ந்து கனிமத் தேடலில் இறங்கினார். குளோண்டைக் ஆறுகளில் நூறாண்டுகளாக அள்ளப்பட்ட தங்கம் எந்தப் பாறையிலிருந்து வந்தது என்பதே இவர்களுடைய கேள்வி.

இவர்கள் கையாண்ட முறை மண் மாதிரி எடுத்தல் ஆகும். கனடாவின் பெரும்பகுதியைப் பனியுகத்தில் பனியாறுகள் மூடியிருந்தன. அவை பாறையைச் சுரண்டித் தொலைவுக்கு இழுத்துச் சென்றதால், அங்கு மேல்மண்ணில் தங்கம் தென்பட்டால் அதன் மூலப் பாறை பல கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம். யூக்கானின் மேற்குப் பகுதியோ பனியாறு மூடாத நிலம். அங்கு மண், தான் நிற்கும் பாறையிலிருந்தே சிதைந்து உண்டானது. எனவே கைத்துளைக் கருவியால் ஆழ்மண்ணை எடுத்து, தங்கத்தையும் அதனுடன் சேர்ந்து காணப்படும் ஆர்செனிக், ஆண்டிமனி போன்ற தனிமங்களையும் அளந்தால், அளவு உயர்ந்த இடத்தின் கீழேயே படிவு இருக்க வாய்ப்பு மிகுதி. காற்றால் படிந்த வண்டலும் உறைந்த மண்ணும் இடையூறு செய்யும். அவற்றைத் தாண்டித் துளைக்க வேண்டும்.

அரசு நல்கைகளின் துணையுடன் இவர்கள் ஆண்டுதோறும் மாதிரிகளைக் குவித்தனர். வைட் ஆற்றுப் பகுதியில் இவர்கள் பதித்த உரிமைகளை அண்டர்வோர்ல்டு ரிசோர்சசு நிறுவனம் எடுத்துத் துளையிட்டது. 2010இல் அந்நிறுவனத்தை ஏறத்தாழ 14 கோடி கனடிய டாலருக்குக் கின்ராசு நிறுவனம் வாங்கியது. ரயனின் மண் ஆய்விலிருந்தே தொடங்கிய காப்பி என்ற இடத்தின் உரிமையை வைத்திருந்த காமினாக் நிறுவனத்தை 2016இல் கோல்டுகார்ப் ஏறத்தாழ 52 கோடி டாலருக்கு வாங்கியது. வைட் ஆற்றுப் பகுதிக் கண்டுபிடிப்பைத் தொடர்ந்து 2010, 2011 ஆண்டுகளில் யூக்கானில் உரிமை பதிக்கும் வேட்கை பரவியது. ஆயினும் இவ்விற்பனைகள் நடந்து பல ஆண்டுகள் சென்ற பின்னும் இவ்விரு இடங்களிலும் சுரங்கம் திறக்கப்படவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும்.

விமர்சனங்கள்

ஒரு வெற்றியைக் காட்டி நூறு தோல்விகளுக்குப் பொதுப்பணம் தருவது முறையா என்பது பொதுவான கேள்வி. இதைவிடக் கடுமையான கேள்வி, தேடப்படும் நிலம் யாருடையது என்பதாகும். 1953இல் அல் குலான் என்ற தேடுநர், ராசு ரிவர் பகுதிக் காஸ்கா பழங்குடியினருடன் சென்று வங்கோர்டா ஓடையில் ஈய, துத்தநாகப் படிவைக் கண்டறிந்தார். அதன் தொடர்ச்சியாக 1969இல் திறக்கப்பட்ட பாரோ சுரங்கம் 1998இல் மூடப்பட்டது. நச்சுக் கழிவை அப்புறப்படுத்தும் பொறுப்பு நடுவண் அரசின் தலையில் விழுந்தது. செலவு நூறு கோடி டாலரைத் தாண்டும். கழிவு கிடப்பது காஸ்கா மக்களின் வேட்டை நிலத்தில்.

உடன்பாடு ஏதும் செய்துகொள்ளாத தம் நிலத்தில் எவரும் முளைக்கம்பம் நட்டு உரிமை பெறலாம் என்ற விதியை எதிர்த்து ராசு ரிவர் டேனா மன்றம் வழக்குத் தொடுத்தது. பழங்குடியினரைக் கலந்தறியாமல் உரிமை வழங்கும் நடைமுறை செல்லாது என்ற வகையில் யூக்கான் மேன்முறையீட்டு நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்தது. அரசு மேலும் முறையிடக் கனடிய உச்ச நீதிமன்றம் 2013இல் இசைவு மறுத்தது. இதன் பின்னர் ராசு ரிவர் பகுதியில் புதிய உரிமை பதித்தல் நிறுத்தி வைக்கப்பட்டது.

பிற இடங்களில்

கனடாவின் பிரிட்டிசு கொலம்பியா, ஒன்ராறியோ, மானிட்டோபா மாகாணங்களிலும் தேடுநர் உதவித் திட்டங்கள் இருந்து பின்னர் கைவிடப்பட்டன. நியூபவுண்ட்லாந்து அரசு நல்கையுடன் தேடுநருக்குப் பயிற்சியும் அளித்துள்ளது. மேற்கு ஆசுதிரேலியா 2009இல் தொடங்கிய தேடல் ஊக்கத் திட்டம், துளையிடும் செலவில் ஒரு பகுதியை ஏற்கிறது. அதில் தனித் தேடுநருக்கெனச் சிறு பிரிவும் உண்டு. பின்லாந்தில் எவரும் தாம் கண்ட வினோதக் கல்லை அரசின் நிலவியல் ஆய்வகத்துக்கு அனுப்பலாம். சிறந்தவற்றுக்குப் பரிசு உண்டு. அந்நாட்டின் புகழ்பெற்ற அவுட்டோகும்பு செப்புப் படிவு, 1908இல் நீர்வழி தோண்டும்போது அகப்பட்ட ஒரு பாறையின் தடத்தைப் பின்பற்றி 1910இல் கண்டறியப்பட்டதாகும்.