பெர்லைட்: பொரிந்த எரிமலைக் கண்ணாடி

திருப்பதியிலிருந்து திருமலைக்கு ஏறும் சாலையில் ஓரிடத்தில் கிரானைட் முடிந்து, அதன்மேல் குவார்ட்சைட் அடுக்குகள் தொடங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கீழேயுள்ள கிரானைட்டுக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு. இவ்வளவு பழைய பாறை உள்ள சித்தூர்ச் சீமையில் எரிமலைக் கண்ணாடியைத் தேடிப் பயனில்லை. நாளாக ஆகக் கண்ணாடி படிகமாகிவிடும். அதனால் வெட்டியெடுக்கத் தக்க பெர்லைட் பெரும்பாலும் சில கோடி ஆண்டுகளுக்குள் உருவானதுதான். துருக்கி, கிரேக்கம், சீனா, அமெரிக்கா ஆகியவையே பெரிய உற்பத்தியாளர்கள்.

பெர்லைட் கறுப்போ சாம்பல் நிறமோ கொண்ட சாதாரணக் கல். சிலிக்கா மிகுந்த எரிமலைக் குழம்பு வேகமாக இறுகிக் கண்ணாடியாகி, பிறகு மெல்ல நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டது. அந்த நீர் 2 முதல் 5 சதவீதம்தான். வித்தை முழுதும் அதில்தான் இருக்கிறது. நொறுக்கிச் சலித்த கல்லை 900 டிகிரி செல்சியஸ் அளவு சூட்டில் விட்டால் கண்ணாடி இளகும், உள்ளிருக்கும் நீர் ஆவியாகி அதை ஊதிவிடும். சோளம் பொரிவது மாதிரிதான். சூடு சட்டென்று ஏற வேண்டும். நிதானமாக ஏறினால் கல் இளகுமுன்பே நீர் போய்விடும். பொரிந்த மணி 4 முதல் 20 மடங்கு பெருத்து வெள்ளையாகிறது. நகத்தால் நசுக்கினால் நறநறவென்று பொடியும். நொறுக்கிய கல் லிட்டருக்கு ஒரு கிலோ இருக்கும். பொரிந்தது பெரும்பாலும் 150 கிராம்கூட இருக்காது. பொரித்தபின் கப்பலேற்றினால் காற்றுக்குத்தான் வாடகை. எனவே கல்லாகவே இறக்கி, விற்கும் இடத்துக்குப் பக்கத்தில் பொரிப்பதே வழக்கம்.

பலமனேர், குப்பம், மதனப்பள்ளி பக்கம் தக்காளிதான் பிழைப்பு. அதற்கு நாற்று முக்கியம். குழித்தட்டுக்குத் தென்னைநார்க் கழிவு மூன்று பங்கு, வெர்மிகுலைட், பெர்லைட் தலா ஒரு பங்கு என்பது பரவலாகச் சொல்லப்படும் கலவை. செலவு பார்ப்பவர்கள் தென்னைநார்க் கழிவோடு நிறுத்திக்கொள்வார்கள். திருப்பத்தூர் பக்கமே தமிழ்நாடு கனிம நிறுவனத்தின் வெர்மிகுலைட் சுரங்கம் இருக்க, கடல் கடந்த கல் எதற்கு என்று கேட்கலாம். வெர்மிகுலைட் நீரையும் சத்தையும் பிடித்துவைக்கும். ஆனால் நாளடைவில் அமுங்கிவிடும். பெர்லைட்டில் சத்து எதுவும் இல்லை. அது அமுங்காமல் வேருக்குக் காற்று விடும், மிகுதி நீரை வடித்துவிடும்.

தோட்டத்தைவிடத் தொழிற்சாலைகளுக்கு அது பெரிய சரக்கு. பழச்சாறு, எண்ணெய் வடிகட்டப் பொடியாகப் போகிறது. பெரிய ஆஸ்பத்திரிகளில் நிற்கும் திரவ ஆக்சிஜன் தொட்டிக்கு இரண்டு சுவர். நடுவில் பெர்லைட் தூளை நிரப்பிக் காற்றை உறிஞ்சியெடுத்திருப்பார்கள். மைனஸ் 183 டிகிரி திரவத்தை வெளிச்சூட்டிலிருந்து காப்பது அதுதான்.

வாங்குபவர்கள் மூட்டையைப் பிரித்ததும் தண்ணீர் தெளித்துவிடுவது நல்லது. தூசி மூக்கைப் பதம் பார்க்கும்.