விரலுக்கு 14 சதவீதம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் பவர் பிரஸ்ஸில் ஆள்காட்டி விரலைப் பறிகொடுத்த ஒருவருக்கு மனு எழுதித் தர நேர்ந்தது. எங்கள் தெருக்காரர். தமிழ் எம்.ஏ. படித்தவனிடம் இப்படியும் வேலைகள் வரும். எப்படி நடந்தது என்று கேட்டேன். "மெஷின்ல கை மாட்டிக்கிச்சு சார்" என்றார். அப்படியே எழுதினேன். பிறகுதான் உறைத்தது: இந்த வாக்கியத்தில் கைதான் எழுவாய். இயந்திரம் ஏழாம் வேற்றுமையில் ஒதுங்கிக்கொள்கிறது. நிர்வாகம் வாக்கியத்திலேயே இல்லை.

சட்டமும் இதே இலக்கணத்தில்தான் பேசுகிறது. 1923ஆம் வருடத்திய தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை உடலைச் சதவீதங்களாகப் பிரித்தது. கட்டைவிரல் போனால் 30, ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14, நடுவிரலுக்கு 12. 1948ஆம் வருடத்திய ஈ.எஸ்.ஐ. சட்டத்திலும் இடம்பெற்ற இந்தப் பட்டியல், 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் தொடர்கிறது. மருத்துவ வாரியம் சதவீதத்தைச் சொல்லிவிட்டால், சம்பளத்தை வைத்துக் கணக்கு முடிந்துவிடும். எந்த மெஷின் என்பது அந்தக் கணக்குக்குத் தேவையில்லை.

ஆனால் நிர்வாகம் ஈ.எஸ்.ஐ.க்கு அனுப்பும் விபத்து அறிக்கைப் படிவம் அதைக் கேட்டே வந்திருக்கிறது: எந்த இயந்திரம், எந்தப் பாகம், அப்போது விசையில் ஓடிக்கொண்டிருந்ததா, அடிபட்டவர் என்ன செய்துகொண்டிருந்தார். பணம் கொடுத்ததும் கோப்பில் உறங்கப் போகும் இந்தப் பதில்களை ஒன்றாக அடுக்கி வாசித்தால் வேறொரு பிரதி கிடைக்கும். தனித்தனியே 'கவனக்குறைவு' என்று எழுதப்பட்டவை ஒரே விபத்தின் பல நகல்களாகத் தெரியவரும். காலால் பெடலை மிதித்து இயக்கும் பிரஸ்ஸில் இரண்டு கைகளும் டைக்குள் போக வழியிருக்கிறது. இரண்டு பட்டன்களை இரு கைகளாலும் ஒருசேர அழுத்தினால்தான் இறங்கும் என்று அமைத்துவிட்டால், அழுத்துபவரின் கை உள்ளே இருக்க முடியாது. தொழிலாளி எவ்வளவு கவனமாக இருந்தார் என்ற கேள்வியே இங்கு இரண்டாம்பட்சம்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 1990 முதல் 'ஷார்ப்' என்ற அரசு ஆய்வுப் பிரிவு இழப்பீட்டு மனுக்களை இப்படித்தான் வாசிக்கிறது. எந்தத் தொழிலில் எந்தக் காயம் திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்த்து, தடுப்பு வேலையை எங்கே தொடங்குவது என்று சொல்கிறது. நம் நாட்டில் ஹரியானாவின் மானேசர் பகுதியில் 'சேஃப் இன் இந்தியா' அமைப்பு அடிபட்ட வாகன உதிரிபாகத் தொழிலாளர்களிடமே விவரம் திரட்டி, 2019இல் 'கிரஷ்ட்' என்ற அறிக்கையை வெளியிட்டது. விரல்கள் நசுங்க முக்கியக் காரணம் பவர் பிரஸ். இன்னொன்றும் தெரிந்தது: வேலையில் சேர்ந்ததுமே தரவேண்டிய ஈ.எஸ்.ஐ. அட்டை பலருக்கு விபத்துக்குப் பிறகுதான் கையில் வந்திருக்கிறது.

இழப்பீட்டுத் தரவின் எல்லையும் இதுதான். பதிவில் இல்லாத காண்ட்ராக்ட் ஆள், தனியார் ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டு ரயிலேற்றி அனுப்பப்பட்ட வடமாநிலப் பையன், இவர்கள் எந்த எண்ணிக்கையிலும் வருவதில்லை. எண் குறைவாக இருக்கிறது என்பதாலேயே அங்கே விபத்தும் குறைவு என்று சொல்லிவிட முடியாது.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டார விபத்து அறிக்கைகளைப் பெயர்களை நீக்கி, இயந்திரவாரியாக, நேரவாரியாக வெளியிடும்படி நாம் கேட்க வேண்டும். பதிவாகாதவற்றைச் சங்கங்கள் திரட்டிப் பக்கத்தில் வைக்க வேண்டும்.

எங்கள் தெருக்காரருக்கு அந்த 14 சதவீதம் கிடைத்துவிடலாம். அவர் உட்கார்ந்திருந்த பிரஸ்ஸில் இப்போது வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார். பெடல் அதேதான்.