பூட்டு இல்லாத கிடங்கு!

கம்பெனிகள் தங்கள் கணக்கு வழக்குகளை எங்கோ இருக்கும் வாடகைக் கம்ப்யூட்டரில் வைக்கின்றன. இதற்கு "கிளவுட்" என்று பெயர்.

2017 ஜனவரியில், இப்படி இன்டர்நெட்டில் இருந்த ஆயிரக்கணக்கான "மாங்கோ டிபி" தகவல் கிடங்குகள் கொள்ளை போயின!

தகவலை அழித்துவிட்டு, பணம் கேட்டுச் சீட்டு வைத்தார்கள் திருடர்கள். ஒருவன் கேட்டது 0.2 பிட்காயின். பணம் கட்டிய சிலருக்கும் தகவல் திரும்பவில்லை!

பூட்டை உடைத்தார்களா? இல்லை. பூட்டே கிடையாது! "27017" என்ற வாசல் திறந்து கிடந்தது. பாஸ்வேர்டும் இல்லை.

தடுப்பது எப்படி?

ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஐ.பி. எண் உண்டு. "இந்த எண்களை மட்டும் உள்ளே விடு" என்று காவல் போடவேண்டும். "0.0.0.0/0" என்று எழுதினால், ஊருக்கே கதவு திறந்துவிடும்! பாஸ்வேர்டும் அவசியம்.

2017 கடைசியில் வந்த 3.6 பதிப்பு முதல், வெளிவாசல் மூடியே வருகிறது. திறக்கிறவர்தான் யோசிக்கவேண்டும்!