கத்தியும் உறையும் நாமே செய்யலாம்!



கத்தி என்றதும் சிலருக்கு சினிமாச் சண்டைதான் ஞாபகம் வரும். எனக்கு எங்கம்மா ஞாபகம் வரும். அம்மா வாழைத் தோட்டத்தில் இலை அறுக்கும் கூலி வேலைக்குப் போகிறவர். கத்தியைச் சாக்குத் துணியில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு போவார். போன வருஷம் வாய்க்காலைத் தாண்டும்போது வழுக்கி விழுந்தார். துணியைக் கிழித்துக்கொண்டு கத்தி இடுப்பில் இறங்கிவிட்டது. ஆறு தையல். இருபது நாள் கூலி போச்சு. மெக்கானிக்கல் படிக்கிற மகன் இருந்தும் அந்தக் கத்திக்கு ஓர் உறை இல்லையே என்பது என் மனதை உறுத்தியது. செமஸ்டர் லீவில் எங்கள் ஊர்க் கொல்லுப்பட்டறையில் உட்கார்ந்து கற்றுக்கொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

எந்த இரும்பு?

கட்டடக் கம்பி வேண்டாம். அதில் கார்பன் 0.2 முதல் 0.3 சதவீதம்தான். எப்படிக் காய்ச்சினாலும் கூர் நிற்காது. லாரி, ஜீப் ஸ்பிரிங் பட்டையில் 0.5 முதல் 0.6 சதவீதம் இருக்கும். நமக்கு அது போதும். ஆனால் பழைய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். மண்ணெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடியைத் தூவுங்கள். விரிசல் இருந்தால் எண்ணெய் கசிந்து கோடு போட்டுக் காட்டிவிடும்.

வடிவம்

முதலில் அட்டையில் வரைந்து வெட்டிக் கையில் பிடித்துப் பாருங்கள். நான் அலகு 4 அங்குலம், பிடி நாலரை அங்குலம் வைத்தேன். பட்டறைத் தாத்தா பட்டையை 4 மில்லிமீட்டர் கனத்துக்குத் தட்டிக் கொடுத்தார். பிறகு சிவக்கக் காய்ச்சி, ராத்திரி முழுக்கச் சாம்பலுக்குள் புதைத்து வைத்தோம். மெல்ல ஆறினால் இரும்பு இளகும். ஹாக்ஸாவும் அரமும் அப்போதுதான் ஏறும். இதைத்தான் நாம் அனீலிங் என்று படிக்கிறோம்.

அரம் போடும்போது கூர்ப்பக்கத்தை ஒரேயடியாக மெலிய விடாதீர்கள். 1 மில்லிமீட்டர் கனம் மிச்சம் இருக்கட்டும். ரொம்ப மெலிந்தால் தோய்ச்சலில் கோணிவிடும். பிடிக்கான துளைகளையும் இப்போதே போட்டுவிட வேண்டும். பிறகு டிரில் ஏறாது.

தோய்ச்சல்

இங்கேதான் நான் தோற்றேன். இரும்பு - கார்பன் படத்தை எழுதி மார்க் வாங்கியவன் என்கிற நினைப்பில், தாத்தா டீ குடிக்கப் போன நேரத்தில் நானே கத்தியைச் செக்கச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் விட்டேன். "டிக்" என்று ஒரு சத்தம். எடுத்துப் பார்த்தால் நடுவில் விரிசல். ஒரு வார அர வேலை வீண். தாத்தா திட்டவில்லை. "இது எண்ணெய் குடிக்கிற இரும்பு தம்பி, தண்ணி தாங்காது" என்று மட்டும் சொன்னார்.

காரணம் இதுதான். காய்ந்த இரும்பை வேகமாக ஆற்றினால் கார்பன் வெளியேற நேரமில்லாமல் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அப்போது உண்டாகும் மார்டென்சைட் கண்ணாடி போலக் கடினமானது. தண்ணீர் அளவுக்கு மீறிய வேகத்தில் ஆற்றுகிறது. வெளிப்பக்கம் ஒரு மாதிரியும் உள்பக்கம் ஒரு மாதிரியும் சுருங்கி விரிவதால் ஸ்பிரிங் இரும்பு வெடித்துவிடும். எண்ணெய் நிதானமாக ஆற்றும்.

எவ்வளவு சூடு என்பதற்குக் காந்தம் போதும். சுமார் 770 டிகிரி சென்டிகிரேடில் இரும்பைக் காந்தம் இழுக்காது. அதற்குமேல் இன்னும் கொஞ்சம் காய்ச்சி எண்ணெயில் விட வேண்டும். சமையல் எண்ணெய் போதும். ஆனால் அதை 50 டிகிரிக்குச் சூடாக்கிக் கொள்ளுங்கள். இளகிய எண்ணெய்தான் அலகை எல்லாப் பக்கமும் சமமாகத் தழுவும். பழைய இன்ஜின் ஆயில் வேண்டாம், அதன் புகை கெடுதல். வாளி இரும்பாக இருக்கட்டும். மேலே தீப்பிடிக்கும், மூட ஒரு தகரத்தைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. ஆறிய கத்தியில் அரத்தைத் தேய்த்தால் கடிக்காமல் வழுக்க வேண்டும். வழுக்கினால் வெற்றி.

பதம்

இப்போது கத்தி கீழே விழுந்தாலே உடையும். அதனால் டெம்பரிங் அவசியம். அலகைப் பளபளவென்று தேய்த்து, காய்ந்த கனமான இரும்புக் கட்டியின் மேல் முதுகுப்பக்கம் படும்படி வையுங்கள். முதுகிலிருந்து நிறங்கள் கூரை நோக்கி ஓடி வரும். இளம் வைக்கோல் நிறம் என்றால் சுமார் 220 டிகிரி. பிறகு பழுப்பு, கத்தரிப்பூ நிறம், சுமார் 300 டிகிரியில் நீலம். கூரில் வைக்கோல் நிறம் வந்ததும் உடனே தண்ணீரில் விட வேண்டும். கூர் கடினமாகவும் முதுகு நீலம் பாய்ந்து வளைந்து கொடுப்பதாகவும் அமையும்.

நம் பாடப் புத்தகத்தின் நிற அட்டவணையைத் தாத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். "வைக்கோல் நிறம்னு உங்க புக்லயும் போட்டிருக்கானா?" என்று கேட்டு, இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். அவர் பள்ளிக்கூடமே போகாதவர். டிகிரி தெரியாமலே அந்த அட்டவணையைக் கண்ணில் வைத்திருக்கிறார்.

பிடிக்குக் கருவேலங்கட்டை. இரண்டு பக்கமும் அரால்டைட் தடவி, 5 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியை ரிவெட் அடித்தோம். கடைசியாகக் கார்போரண்டம் கல்லில் பக்கத்துக்கு 20 டிகிரி சாய்வில் கூர் தீட்டினேன்.

உறை

தோல் எல்லாம் ஒன்றல்ல. குரோம் போட்டுப் பதனிட்ட தோல் மெத்தென்று இருக்கும், உருவம் நிற்காது. மரப்பட்டையில் பதனிட்ட தோல்தான் உறைக்கு ஏற்றது. ஆவாரம்பட்டையில் பதனிடுவது நம் ஊர்ப் பழைய தொழில். திண்டுக்கல், திருச்சி, ஈரோடு பக்கத்துத் தோல் "ஈஸ்ட் இந்தியா லெதர்" என்ற பெயரில் கப்பலேறியது. 2008-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

3 மில்லிமீட்டர் கனத் தோலைக் கத்திமேல் மடித்து அளவெடுங்கள். கூர் வரும் ஓரத்தில், இரண்டு மடிப்புக்கும் நடுவே, ஒரு தோல் பட்டையை வைத்து ஒட்டித் தைக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் கத்தி தையல் நூலையே அறுத்துவிடும். உறை இருக்கிறது என்று நம்பி ஏமாறுவோம். உறை இல்லாததைவிட அது ஆபத்து.

தையலை பஸ் ஸ்டாண்டில் செருப்புத் தைக்கும் அண்ணனிடம் கற்றேன். தேன்மெழுகு தேய்த்த ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு பக்கமிருந்தும் நுழைக்க வேண்டும். ஒரு பக்க நூல் தேய்ந்து அறுந்தாலும் மறுபக்கம் தாங்கும். துளைக்குத் துளை 5 மில்லிமீட்டர். தைத்த உறையைத் தண்ணீரில் நனைத்து, பிளாஸ்டிக் தாள் சுற்றிய கத்தியை உள்ளே விட்டு, விரலால் அழுத்தி உருவம் பிடித்து நிழலில் காய வையுங்கள். நுனியில் ஒரு சிறு துளை இருந்தால் நீர் வடியும். வீட்டுக்கு வந்தால் கத்தியைத் துடைத்து எண்ணெய் தடவி வெளியே வைக்க வேண்டும். உறைக்குள்ளேயே கிடந்தால் துருப்பிடிக்கும்.

ஒரு எச்சரிக்கை நண்பர்களே. வீட்டு வேலை, விவசாயம் போன்றவற்றுக்கு அல்லாத, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு ஆயுதச் சட்ட விதிகளுக்குள் வரும். சிறிய கத்தியானாலும் பஸ்ஸிலோ கல்லூரிக்கோ கொண்டுவந்து காட்ட வேண்டாம். வேலை நடக்கும் இடத்தில்தான் அதற்கு மரியாதை.

இரண்டாவது கத்தியை அம்மாவிடம் கொடுத்தேன். சாயங்காலம் வந்து, "கத்தி பரவாயில்ல சாமி. உறைதான் நல்லாருக்கு, பயமில்லாம குனிய முடியுது. கூட வேலைக்கு வர்ற நாலு பேரு கேக்குறாங்க" என்றார். நாலு உறைக்குத் தோல் வாங்கி வைத்திருக்கிறேன். உடைந்த முதல் கத்தி என் மேஜைமேல் இருக்கிறது. மெட்டலர்ஜி படிக்கும்போதெல்லாம் அதை ஒரு தடவை எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன்.