கையறுபட்டவள் மீளும் காடு: ஞானசௌந்தரி கதையும் ஏலமலையின் கண்ணகி மரபும்

ஆய்வுச்சுருக்கம்

கைகள் வெட்டப்பட்ட பெண்ணின் கதை ஐரோப்பிய நாட்டார் மரபில் பரவலாக வழங்கியது. இடைக்காலத்தில் அது சமயச் சார்புடைய காதற்காப்பியமாக உருப்பெற்றது. தமிழில் 'ஞானசௌந்தரி' என்னும் பெயரில் அம்மானையாகவும் நாடகமாகவும் திரைப்படமாகவும் வழங்கியது. இம்மாற்றத்தில் குற்றத்தின் சுமை தந்தையிடமிருந்து மாற்றாந்தாய்க்கு இடம்பெயர்ந்ததையும், உறுப்பிழந்த பெண்ணுக்குத் தமிழ் மரபு அதுகாறும் வழங்கிய தீர்வினின்றும் இக்கதை வழங்கும் தீர்வு வேறுபடுவதையும் இக்கட்டுரை ஆராய்கிறது. கண்ணகி வழிபாடு நிலைபெற்றுள்ள போடிநாயக்கனூர், கம்பம் பகுதி மலைச்சரிவு இவ்வொப்பீட்டிற்குக் களமாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஞானசௌந்தரி, கையிழந்த பெண், இடைக்காலக் காதற்காப்பியம், சங்கரதாஸ் சுவாமிகள், கண்ணகி, பொற்கைப் பாண்டியன், ஏலமலை.

முன்னுரை

ஞானசௌந்தரி கதையைக் குறிப்பிடுவோர் பெரும்பாலும் அதனை 'மேனாட்டிலிருந்து வந்த கிறித்தவக் கதை' என்று ஒரு தொடரில் சொல்லிக் கடந்துவிடுகின்றனர். அக்கூற்று பிழையன்று, ஆயினும் போதுமானதன்று. வந்த கதை எவ்வுருவில் வந்தது, இங்கே எதனோடு உறவு கொண்டது, எதனைக் கைவிட்டது என்னும் வினாக்கள் அதில் எழுவதேயில்லை. ஒரு கதை சமயம் மாறும்போது தெய்வத்தின் பெயர் மட்டும் மாறுவதில்லை. யார் குற்றவாளி, யார் மன்னிக்கப்படுபவர், இழந்தது திரும்புமா என்பனவும் மாறுகின்றன.

இக்கதை ஏலமலையில் தோன்றியதன்று. எனினும் உறுப்பிழந்து மலையேறிய ஒரு பெண்ணைத் தெய்வமாக வணங்கும் நிலம் இது. கம்பம் பள்ளத்தாக்கின் இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி முதலிய ஊர்களில் மாதா வழிபாடு வேரூன்றியுள்ளது. அப்பள்ளத்தாக்கின் தென்கோடியில், கூடலூருக்கு மேலுள்ள மலையில் மங்கலதேவி கண்ணகி கோட்டம் நிற்கிறது. இரு வழிபாடுகளும் அருகருகே நிலவும் இடத்திலிருந்து வாசிக்கையில், ஞானசௌந்தரி கதையின் தனித்தன்மை துலக்கமாகப் புலப்படுகிறது.

ஐரோப்பிய வேர்: தந்தையின் கத்தி

நாட்டார் கதைகளை வகைப்படுத்தும் ஆர்னே, தாம்சன், ஊதர் அடைவில் 'கையிழந்த பெண்' 706ஆம் வகையாக இடம்பெறுகிறது. அதன் புகழ்பெற்ற வடிவம் கிரிம் உடன்பிறப்புகள் 1812இல் வெளியிட்ட தொகுதியில் 31ஆவது கதையாக உள்ளது. ஏழை மாவரைப்பவன் ஒருவன், ஆலைக்குப் பின்னே நிற்பதைத் தருவதாகச் சாத்தானுக்கு வாக்களிக்கிறான். அங்கே நிற்பது மரம் என்பது அவன் எண்ணம்; நின்றதோ அவன் மகள். சாத்தானுக்கு அஞ்சி அவள் கைகளை அவனே வெட்டுகிறான். வீட்டை நீங்கிய அவளை ஓர் அரசன் மணந்து, வெள்ளியாற் செய்த கைகளை அளிக்கிறான். அவன் போருக்குச் சென்றிருக்கும்போது கடிதங்கள் மாற்றப்படுகின்றன. அவள் குழந்தையோடு காட்டுக்குத் துரத்தப்படுகிறாள். காட்டில் கழிந்த ஏழு ஆண்டுகளில் இறையருளால் உண்மையான கைகள் முளைக்கின்றன.

அச்சில் வந்த இந்நாட்டார் வடிவத்திற்கு ஏறத்தாழ ஆறு நூற்றாண்டுகள் முற்பட்டது பிலிப் தெ ரெமி பிரெஞ்சு மொழியில் இயற்றிய 'லா மானெக்கின்' என்னும் காதற்காப்பியம். 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இது 8500 அடிகளுக்கு மேற்பட்டது. இதில் கதையின் நெருடல் இன்னும் கூர்மையானது. இறந்த மனைவியை ஒத்தவளையே மணப்பேன் என்று உறுதி கூறிய அங்கேரி அரசனுக்கு அவ்வொப்புமை தன் மகளிடம் மட்டுமே தென்படுகிறது. உறுப்புக் குறைந்தவள் அரசியாக இயலாது என்று கருதும் மகள், தன் இடக்கையைத் தானே வெட்டிக்கொள்கிறாள். கடலில் விடப்பட்டு, வேற்றுநாட்டரசனை மணந்து, மாமியாரின் பொய்க்கடிதத்தால் மீண்டும் துரத்தப்படும் அவள் உரோமை நகரை அடைகிறாள். மீன் விழுங்கிய கை அங்கே மீட்கப்பட்டுப் பொருந்துகிறது. அவள் வாழ்நாள் முழுதும் மாதாவிடம் கொண்ட பற்றே அவளைக் காத்ததாகக் காப்பியம் காட்டுகிறது.

நாட்டார் கதையும் காப்பியமும் ஒன்றுபடும் இடம் குறிப்பிடத்தக்கது. கையிழப்பின் காரணம் இரண்டிலும் தந்தையே. ஒன்றில் அவன் அச்சம், மற்றொன்றில் அவன் வேட்கை. சாசர் தம் 'கான்டர்பரி கதைக'ளில் ஒரு வழக்கறிஞன் வாய்மொழியாக இதே கதைக்குடும்பத்தைச் சேர்ந்த கஸ்டன்ஸ் கதையைக் கூறும்போது, கையிழப்பையும் தந்தையின் வேட்கையையும் சேர்த்தே விட்டுவிடுகிறார். தந்தையின் குற்றம் கதைசொல்லிகளுக்கு எவ்வளவு சங்கடம் தந்தது என்பதற்கு இதுவே சான்று.

தமிழில் நேர்ந்த இடமாற்றம்

தமிழ்க் கதை அச்சங்கடத்தை வேறு வழியில் தீர்த்துக்கொண்டது. கையிழப்பை அது கைவிடவில்லை, வெட்டுவித்தவரை மாற்றியது. தாயற்ற இளவரசி ஞானசௌந்தரி, மாற்றாந்தாய் லேனாளின் சூழ்ச்சியால் காட்டில் இரு கைகளையும் இழக்கிறாள். பிலேந்திரன் என்னும் அரசகுமாரன் அவளைக் கண்டு மணக்கிறான். கடிதம் மாறுதல், மீண்டும் காடு என்று கதை பழைய தடத்திலேயே செல்கிறது. இறுதியில் தேவமாதா தோன்றிக் கைகளை அளிக்கிறாள்.

இம்மாற்றம் ஒருவகையில் இழப்பே. தன் வீட்டிலேயே, தன்னைப் பெற்றவனாலேயே ஒரு பெண்ணுக்கு நேரும் கொடுமையை மூலக்கதை பேசியது. மாற்றாந்தாயைக் குற்றவாளியாக்கியதும் தந்தை அறியாதவனாகிறான். வீட்டின் தலைவன் மீது விழவேண்டிய பார்வை வெளியிலிருந்து வந்த பெண்ணின் மீது திரும்புகிறது. கிறித்தவ அறத்தைக் கற்பிக்கும் கதை என்று போற்றுவோர் இவ்விடத்தைக் கண்டுகொள்வதில்லை.

மறுபுறம், இம்மாற்றமே கதைக்குத் தமிழ்மண்ணில் இடம் தேடித் தந்தது. தாயில்லாப் பெண், மாற்றாந்தாய், காடு, பிள்ளைகளோடு தனித்தலையும் தாய் ஆகிய அனைத்தும் தமிழ்க் கேட்போர்க்கு முன்பே பழகியவை. அண்ணியின் கொடுமையால் பிள்ளைகளோடு அழியும் நல்லதங்காள் கதையைக் கேட்டு அழுதவர்களுக்கு ஞானசௌந்தரியை அறிமுகப்படுத்தவே தேவையில்லை. இன்னொன்றும் உண்டு. தீங்கிழைப்பவள் மாற்றாந்தாய், மீட்பவள் தேவமாதா என்று ஆனவுடன் கதை முழுவதும் தாய்மையின் இரு முனைகளுக்கிடையே நிகழ்வதாகிவிடுகிறது. பெற்ற தாய் இல்லாத வெற்றிடத்தை முதலில் பொய்த்தாயும் பின்னர் மெய்த்தாயும் நிரப்புகின்றனர். பிரெஞ்சுக் காப்பியத்தில் கையைப் பொருத்தும் வேண்டுதலைச் செய்பவர் திருத்தந்தை; தமிழில் தாயே நேரில் வருகிறாள். மூலத்தில் இல்லாத கட்டமைப்பு ஒழுங்கு இது. தமிழாக்கத்தின் தலையாய பேறும் இதுவே.

மேடையும் திரையும்

இக்கதை கிறித்தவ வட்டத்திற்குள் அடங்கிக் கிடக்கவில்லை என்பதற்குச் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) சான்றாவார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கிய அவர், வள்ளி திருமணம், பவளக்கொடி, சிறுத்தொண்டர் முதலியவற்றோடு ஞானசௌந்தரியையும் நாடகமாக்கினார். சேக்ஸ்பியரின் 'சிம்பலைன்' நாடகமும் அவர் ஆக்கங்களுள் ஒன்று என்பது கருதத்தக்கது. பொய்யால் பழிக்கப்படும் மனைவியின் கதை அதுவும். அறுத்துக் கறியாக்கப்பட்ட சீராளன் உயிர்பெற்று ஓடிவருவதைக் கண்ட அரங்கிற்கு, வெட்டப்பட்ட கைகள் மீள்வது வேற்றுச் சமயத்துப் புதுமையாகத் தோன்றியிராது. அற்புதத்தை நம்பும் பயிற்சியைச் சைவ நாடகங்களே முன்னதாக அளித்திருந்தன.

திரையில் 1935ஆம் ஆண்டு வடிவத்திற்குப் பின், 1948இல் ஒரே ஆண்டில் இரு ஞானசௌந்தரிகள் வெளிவந்தன. ஒன்று சிட்டாடல் நிறுவனத்தினுடையது, டி.ஆர். மகாலிங்கமும் எம்.வி. ராஜம்மாவும் நடித்தது. மற்றொன்று எஸ்.எஸ். வாசனின் ஜெமினி தயாரிப்பு. முன்னதன் பெருவெற்றியைக் கண்ட வாசன் தம் படத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். மலைக்கு அப்பாலும் கதை சென்றது: 1961இல் கே.எஸ். சேதுமாதவன் இயக்கத்தில் மலையாளத்திலும் படமானது. போடிமெட்டு ஏறி இறங்கினால் மொழி மாறும். ஏலத்தோட்டமும் அதில் உழைக்கும் தமிழரும் இருபுறமும் உண்டு. கதையும் அவ்வாறே இருபுறமும் நின்றது.

உறுப்பிழப்பின் மூன்று தீர்வுகள்

சிலப்பதிகாரத்தில் கண்ணகி தன் இடமுலையைத் திருகி எறிந்து மதுரையை எரித்தபின், வையைக் கரை வழியே மேற்கு நோக்கி நடந்து நெடுவேள் குன்றம் ஏறுகிறாள். வேங்கை மரநிழலில் நின்ற அவளைப் பதினான்காம் நாள் வானவர் அழைத்துச் செல்கின்றனர். கண்டவர் குன்றக்குறவர். அந்நடைப்பயணத்தை இம்மலைத்தொடரோடு பொருத்திக் காணும் மரபு இப்பகுதியில் வலுவானது. சித்திரை முழுநிலவன்று மங்கலதேவி கோட்டத்திற்கு ஏறும் கூட்டமே அதனைக் காட்டும்.

கண்ணகி இழந்த உறுப்பு திரும்பவில்லை. திரும்பவேண்டும் என்று காப்பியம் கருதவுமில்லை. இழப்பே அவள் தெய்வத்தன்மையின் அடையாளம். ஒருமுலை இழந்தவளாகவே அவள் வணங்கப்படுகிறாள். கட்டுரைக் காதையில் மதுராபதித் தெய்வம் அவளுக்கு ஆறுதலாகப் பாண்டியரின் நீதியை எடுத்துரைக்கும்போது கூறுவதும் ஒரு கையிழப்பையே. கீரந்தை என்னும் அந்தணன் வீட்டுக் கதவைத் தட்டிய தவற்றுக்காகத் தன் கையைத் தானே குறைத்துக்கொண்ட மன்னன் அவன். பிற்கால வழக்கில் பொற்கைப் பாண்டியன். அவனுக்குக் கிடைத்தது பொற்கை. கிரிம் கதையின் வெள்ளிக்கையோடு இதனை ஒப்பிடலாம். உலோகக் கை அரசனுக்குப் போதும். அது அவன் நீதியின் விளம்பரம். அக்கையால் அவன் செய்யவேண்டிய வேலை ஒன்றுமில்லை. வெள்ளிக்கை பெற்ற பெண்ணுக்கோ அது போதவில்லை. அரசனின் அன்பு தந்த அணிகலனாகவே நின்ற அது, அவள் துரத்தப்பட்டபோது காக்கவுமில்லை.

ஞானசௌந்தரி மூன்றாவது வழி. அவள் பழிவாங்குவதில்லை, நகரம் எரிவதில்லை, தெய்வமாவதுமில்லை. இழந்த கைகளைத் திரும்பப் பெற்று மனைவியாகவும் தாயாகவும் வீடு திரும்புகிறாள். கண்ணகிக்கு மலை முடிவிடம். இவளுக்குக் காடு இடைவழி. நீதியின் கூர்மை கண்ணகி கதையிலேயே மிகுதி என்பதில் ஐயமில்லை. ஆனால் தீங்கிழைக்கப்பட்ட பெண் உயிரோடும் முழு உடலோடும் மீண்டும் வாழலாம் என்ற எண்ணத்தை அக்கதை தர இயலாது. சமயக் காதற்காப்பியம் தமிழுக்குக் கொணர்ந்த புதுமை இதுவே. இதனை வெறும் சமயப் பரப்புரை என ஒதுக்குவது பொருந்தாது.

கை என்னும் சொல்

புறத்திணையில் தலைவன் மறைவுக்கு வருந்தும் துறைக்குக் 'கையறுநிலை' என்று பெயர். கையறுதல் என்பது செயலற்றுப் போதலைக் குறிக்கும். துயரத்தின் எல்லையைச் சுட்டத் தமிழ் தேர்ந்த சொல்லிலேயே கை அறுபடுகிறது. ஞானசௌந்தரி கதை அவ்வணிச்சொல்லை மெய்யான உடல்மீது நிகழ்த்திக் காட்டுகிறது.

ஏலமலைச் சரிவில் அதன் பொருள் இன்னும் அண்மையது. ஏலச்செடியின் காய்கள் தூரடியிலிருந்து தரையோடு படரும் சரங்களில் காய்க்கும். முற்றியவற்றை மட்டும் பார்த்துப் பறிக்கவேண்டும். ஒரே செடிக்குப் பருவத்தில் பலமுறை திரும்பி வரவேண்டும். குனிந்திருந்து இவ்வேலையைச் செய்வோர் பெரும்பாலும் பெண்கள். உலர்ந்த காய் போடிக்கு வந்து ஏலம் போகுமுன்னும் பின்னும் நிறமும் பருமனும் பார்த்துத் தரம் பிரிப்பதும் பெண்களின் விரல்களே. இங்கே கையிழத்தல் அழகிழத்தலன்று, கூலியிழத்தல். கதையின் இளவரசி வேலை செய்பவளல்லள் என்பது உண்மையே. எனினும் பிள்ளையை எடுக்க இயலாமல் காட்டில் நிற்கும் கட்டத்தில் அவள் அரசகுலத்தவள் என்பது பொருளற்றுப் போகிறது. கையில்லாத தாய் என்ற ஒன்றே எஞ்சுகிறது.

சிட்டாடல் படத்தில் எஸ்.வி. வெங்கட்ராமன் இசையமைத்த தேவமாதா வேண்டுதல் பாடல் இவ்வகையில் கவனிக்கத்தக்கது. சிறுமியின் குரலாக ஜிக்கி தொடங்க, அப்பாடலுக்குள்ளேயே அவள் வளர்ந்து பெண்ணாகிறாள், குரல் பி.ஏ. பெரியநாயகியினுடையதாகிறது. கைகள் வெட்டப்படுவதற்கு முன்பே, எத்தீங்கும் நேராத நிலையிலேயே அவ்வேண்டுதல் பாடப்படுகிறது. கதையை முன்னறிந்த பார்வையாளருக்குத்தான் அதன் கனம் தெரியும்.