திருவண்ணாமலைச் சிறுவனும் கேமிங் லேப்-டாப்பும்!



சென்ற கோடை விடுமுறையில், பிளஸ் 2 முடித்த எதிர் வீட்டுப் பையன் என் திண்ணையில் வந்து உட்கார்ந்தான். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். "சார், எனக்கு கேமிங் லேப்-டாப் வேணும். நீங்க சொன்னா அப்பா கேட்பாரு" என்றான்.

அவன் அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் நிலம். இரண்டு வருடம் கட்டிய சீட்டுப் பணம் அப்போதுதான் கைக்கு வந்திருந்தது. தப்பான பொருளை வாங்கி விட்டால், மறுபடி வாங்க வழியில்லை. "நாளைக்கு வாடா" என்று அனுப்பி விட்டுப் படிக்க உட்கார்ந்தேன். வாத்தியாருக்கும் வீட்டுப்பாடம் உண்டு!

படித்ததில் ஒரு கதை கிடைத்தது. எங்கள் உத்திரமேரூரிலிருந்து வந்தவாசி வழியாகப் போனால் திருவண்ணாமலை வரும் அல்லவா? அங்கே ரமண மகரிஷி ஆசிரமத்தின் அருகே வளர்ந்த வெளிநாட்டுச் சிறுவன், ஆடம் ஆஸ்பார்ன். 1939ல் பாங்காக்கில் பிறந்தவர். பெரியவரானதும் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் கம்பெனி தொடங்கினார். 1981ல் அவர் விற்பனைக்குக் கொண்டு வந்ததுதான், 'ஆஸ்பார்ன் 1!' தூக்கிச் செல்லும் கம்ப்யூட்டர்களில் முதன்முதலாக நன்றாக விற்றது இதுதான்.

பார்க்கத் தையல் மிஷின் பெட்டி போல இருக்கும். மூடியைக் கழற்றினால், அதுவே கீ-போர்டு! திரை ஐந்தே அங்குலம். எடை எவ்வளவு தெரியுமா? 11 கிலோ! விமானத்தில் சீட்டுக்கு அடியில் வைக்கலாம். ஆனால், உள்ளே பேட்டரி கிடையாது. போகிற இடத்தில் பிளக் பாயின்ட் இருந்தால்தான் வேலை செய்யும். அந்தக் கம்பெனி 1983லேயே திவாலாகி விட்டது. ஆஸ்பார்ன் 2003ல் நம் கொடைக்கானலில் காலமானார்.

இந்தப் பழைய கதை எதற்கு என்கிறீர்களா? இன்றைய கேமிங் லேப்-டாப்பும், கேம் ஓடும்போது, கிட்டத்தட்ட ஆஸ்பார்ன் பெட்டிதான்!

கணக்குப் போடுங்கள். இதற்குத் தரும் சார்ஜர் பல மாடல்களில் 230 வாட். நம் வீட்டு சீலிங் பேன் சுமார் 75 வாட். அதாவது, மூன்று பேன் ஓடும் மின்சாரம்! ஆனால், லேப்-டாப் பேட்டரி பொதுவாக 100 வாட்-மணியைத் தாண்டாது. அதற்கு மேல் போனால் விமானத்தில் தனி அனுமதி கேட்பார்கள். 200 வாட் இழுத்தால் அரை மணி நேரம்கூட வராது. அதனால், பிளக்கைப் பிடுங்கியதும் பெரும்பாலான லேப்-டாப்கள் தாமே வேகத்தைக் குறைத்துக் கொள்ளும்.

சூடு இன்னொரு தொல்லை. படம் காட்டும் சிப்பைத்தான் கிராபிக்ஸ் கார்டு என்கிறோம். 'ஆர்.டி.எக்ஸ். 4090' என்ற பெயரில் இரண்டு உண்டு. மேஜைக் கம்ப்யூட்டரில் இருப்பது 450 வாட் வரை இழுக்கும். லேப்-டாப்பில் இருப்பது அதில் பாதிகூட இழுக்காது. இரண்டும் ஒரே சிப்பும் அல்ல! பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது.

தூக்கிச் செல்லும் மேஜைக் கம்ப்யூட்டர் இன்றும் உண்டு. 17 செ.மீ. நீள, அகலமுள்ள மினி ஐ.டி.எக்ஸ். போர்டை வைத்து, சாப்பாட்டுக் கூடை அளவில் ஒரு பெட்டி செய்து விடலாம். பழுதானால் பழுதான பாகத்தை மட்டும் மாற்றலாம். நாலு வருடம் கழித்துப் புது கிராபிக்ஸ் கார்டு போடலாம். லேப்-டாப்பில் அந்தச் சிப் போர்டோடு ஒட்டியே வருகிறது. வீட்டில் எச்.டி.எம்.ஐ. உள்ள டி.வி. இருந்தால், அதுவே திரை. ஆனால், கரன்ட் போனால் செய்த வேலையும் போச்சு; யு.பி.எஸ். வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கம் கோடைக் காற்றடித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா!

பெட்டிதான் என்று நான் முடிவு கட்டி விட்டேன். மறுநாள் பையன் வந்தான்.

"ஹாஸ்டல் ரூமில் எத்தனை பேர்?"

"நாலு பேர் சார். ரெண்டு பேருக்கு ஒரு மேஜை."

"வகுப்புக்கு எடுத்துப் போகணுமா?"

"லேப் இருக்கிற நாள்ல எடுத்துட்டுப் போகணும் சார். மெக்கானிக்கல் எடுக்கப் போறேன். முப்பரிமாணப் படமெல்லாம் வரையணும்."

என் முடிவு அங்கேயே சாய்ந்து விட்டது. பாதி மேஜையில் திரையை எங்கே வைப்பான்? மாதம் ஒருமுறை தாம்பரத்தில் பஸ் ஏறும் கூட்டத்தில் மானிட்டரைத் தூக்கி வர முடியுமா? முப்பரிமாணப் படத்துக்கும் நல்ல கிராபிக்ஸ் சிப் உதவும். கேம் மட்டுமே காரணம் என்றால், அவன் அப்பாவிடம் நான் பேசியிருக்கவே மாட்டேன். பேசினேன்.

"மெத்தை மேல் வைக்காதே, காற்றோட்டம் அடைத்துப் போகும், அடியில் ஒரு பலகை வை" என்று மட்டும் சொன்னேன்.

ஏழாவது படிக்கும் அவன் தங்கை, "எனக்கு?" என்றாள். இருக்கிற இடத்தை விட்டு நகராதவளுக்குப் பெட்டிதான் சரி என்றேன். அடுத்த சீட்டு முடியட்டும் என்றார் அப்பா.

லேப்-டாப் வந்த அன்று, முனை மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தோம். சார்ஜரோடு சேர்த்து மூன்றே கால் கிலோ. சார்ஜர் மட்டும் முக்கால் கிலோ!